ஜடாயுவுக்குச் செய்த கடன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆண்டுதோறும் வெளிவரும் இம்மலரில் திருக்கல்யாண குணங்களுள் ஒன்றை எடுத்து எழுதுமாறு பெரியோர்கள் நியமித்தார்கள். இவ்வாண்டு 'க்ருதஜ்ஞதை' என்னும் குணத்தைச் சிந்திக்கலாம் என்று திருவுள்ளம் பற்றி விண்ணப்பிக்கிறேன். கொள்ளைநோய்க் காலத்தைக் கடந்து வந்திருக்கும் நமக்கு, இதைவிட வேண்டிய பாடம் வேறில்லை.

க்ருதஜ்ஞன் என்னும் திருநாமம்

ஸ்ரீவால்மீகி பகவான் காவியம் பாடப் புகுமுன், நாரத மஹரிஷியை நோக்கி, இவ்வுலகில் இன்ன இன்ன குணங்களெல்லாம் ஒருங்கே அமைந்தவன் யாவன் என்று வினவுகிறார். அவர் அடுக்கிய பதினாறு குணங்களில், 'தர்மஜ்ஞன்' என்பதற்கு அடுத்தபடியாக நிற்பது 'க்ருதஜ்ஞன்' என்பது. ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திலும் இதே சொல் எம்பெருமானுக்குத் திருநாமமாக ஓதப்படுகிறது.

'க்ருதம்' என்றால் செய்யப்பட்டது. 'ஜ்ஞ' என்றால் அறிபவன். தனக்குச் செய்யப்பட்டதை அறிபவனே க்ருதஜ்ஞன். தமிழ் மறை தந்த திருவள்ளுவனாரும் இக்குணத்திற்குத் தனி அதிகாரம் வகுத்தபோது, 'செய்ந்நன்றி அறிதல்' என்றே பெயரிட்டார். வடமொழியிலும் தென்மொழியிலும் அழுத்தம் 'அறிதல்' என்பதிலேயே விழுவதைக் கவனிக்க வேண்டும். கைம்மாறு செய்வது பிறகு. யார் செய்தார், என்ன செய்தார் என்று அறிவது முதல்.

ஒருவன் எப்படியோ செய்துவிட்ட ஓர் உதவியைக் கொண்டே ஸ்ரீராமபிரான் நிறைவு பெற்றுவிடுவார். அவனே நூறு அபசாரங்கள் செய்தாலும் அவற்றை நினைவில் வைக்கமாட்டார் என்று அயோத்யா காண்டத்தின் தொடக்கத்தில் மஹரிஷி பேசுகிறார். நாமோ இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். நூறு உதவிகளை மறந்து ஒரு குறையை நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

நடை சாத்தப்பட்ட காலம்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோய் உலகெங்கும் பரவிய கொள்ளைநோயாக அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 20-ஆம் தேதி முதல் திருமலையில் பக்தர்களுக்கு ஸேவை நிறுத்தப்பட்டது. 25-ஆம் தேதி முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில்தான் பக்தர்களுக்கு மீண்டும் திறந்தன. சித்திரையில் வைகை ஆற்றில் எழுந்தருளும் கள்ளழகர், 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளிலும் மதுரைக்கு எழுந்தருளாமல், திருமாலிருஞ்சோலையில் திருக்கோயிலுக்குள்ளேயே உத்ஸவம் கண்டருளினார்.

நித்ய ஆராதனம் எங்கும் நிற்கவில்லை. விடியலில் விச்வரூபம் முதல் இரவு அர்த்தஜாமம் வரை கைங்கர்யபரர்கள் ஓரிருவர் நின்று செய்தோம். தீர்த்தம் ஸாதிக்கக் கை நீட்டுவாரில்லை. சடாரி ஸாதிக்கக் குனியும் தலையில்லை. அப்போதுதான் அடியேனுக்கு ஒன்று விளங்கிற்று. கோயில் என்பது அர்ச்சகனால் மட்டும் நடப்பதன்று. பூத்தொடுப்பவர், மடைப்பள்ளிக்கு விறகு கொண்டுவருபவர், வாத்தியக்காரர், ஸ்ரீபாதம் தாங்குவோர், தேருக்கு முட்டுக்கட்டை இடுவோர் என்று எத்தனையோ கைகள் சேர்ந்ததே திருக்கோயில். அக்கைகள் விலகியபோதுதான் அவை இருந்ததை அறிந்தோம்.

2021-ஆம் ஆண்டு சித்திரை, வைகாசியில் எழுந்த இரண்டாம் அலை இன்னும் கொடியதாயிருந்தது. அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில், உற்றார் முகம் காணாமல் உயிர் நீத்தவர்கள். திருமேனியை உறையிலிட்டு மூடி அனுப்பினார்கள். நீராட்டவும் தழுவவும் அனுமதியில்லை. தொடாமல் மந்திரம் சொல்லலாம், தீர்த்தம் தெளிக்கலாம் என்பதே விதி. அந்த விதிப்படி செய்யவும் மகன் வர இயலாத வீடுகள் பல.

நடை திறந்த பிறகு ஸந்நிதிக்கு வந்தவர்கள், அர்ச்சனை முடிந்து மற்றவர்கள் விலகிய பின்னும் தயங்கி நின்று, இரண்டு கேள்விகளை அடியேனிடம் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். 'கடைசி நேரத்தில் திருநாமம் சொல்லக்கூட நினைவில்லாமல் போய்விட்டாரே, அவருக்கு என்ன கதி?' என்பது முதல் கேள்வி. 'பெற்ற பிள்ளை நான் இருந்தும் என் கையால் கொள்ளியிடவில்லையே, அந்தக் கர்மா அவருக்குச் சேர்ந்ததா?' என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் விடை தேடுவோம்.

நினைவிழந்தவனை நினைப்பவன்

முதல் கேள்விக்கு விடை, ஸ்ரீவராஹ நாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்த சரம ச்லோகத்தில் இருக்கிறது. அதன் கருத்து இது: உடலும் மனமும் நன்றாயிருக்கும் காலத்தில் ஒருவன் என்னை ஒருமுறை நினைத்திருந்தால் போதும், பின்பு அவன் கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் நினைவற்றுக் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துச் செல்கிறேன்.

பெரியாழ்வாரும் திருவரங்கத்து அரவணையானிடம் இதனையே விண்ணப்பித்தார். உயிர் தளரும் நேரத்தில் உன்னை நினைக்க இயலாமற் போகலாம். ஆகையால் அறிவு தெளிந்திருக்கும் இப்பொழுதே சொல்லி முடித்துவிட்டேன் என்பது அவருடைய திருவுள்ளம். ஆழ்வாருக்கே அந்த ஐயம் இருந்ததென்றால், மூச்சுக் கருவிக்கு நடுவே கிடந்த நம் தாய் தந்தையர் வாய் திறந்து சொல்லவில்லை என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. அவர்கள் வாழ்நாளெல்லாம் விளக்கேற்றியபோதும், ஏகாதசி விரதம் இருந்தபோதும், கோபுரம் கண்டு கைகூப்பியபோதும் சொல்லி வைத்தது வீணாகாது. எம்பெருமான் க்ருதஜ்ஞன். அவர்கள் மறந்திருக்கலாம், அவன் மறப்பதில்லை.

இங்கே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 'பெருமாள் என்னைக் காப்பாற்றிவிட்டார்' என்று நோயினின்று மீண்டவர்கள் சொல்லுவது அழகே. ஆனால் பக்கத்து வீட்டில் மாண்டவரைப் பெருமாள் கைவிட்டுவிட்டார் என்பது அதன் பொருளாகக் கூடாது. மாண்டவரும் அவன் சொத்து. பிழைத்தவரும் அவன் சொத்து. பிழைத்திருப்பது நம் புண்ணியத்திற்குக் கிடைத்த பரிசன்று. செய்ய வேண்டிய கைங்கர்யம் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்

இரண்டாம் கேள்விக்கு வருவோம். யாகம் செய்து நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் தசரத சக்கரவர்த்தி. அவர் உயிர் நீத்த இரவில் அந்நால்வரில் ஒருவரும் அருகில் இல்லை. ஸ்ரீராமனும் இளையபெருமாளும் கானகத்தில். பரதாழ்வானும் சத்ருக்நாழ்வானும் கேகய நாட்டில். உடனிருந்த தேவிமாரும் துயரத்தால் களைத்துக் கண்ணயர்ந்திருந்தார்கள். பொழுது விடிந்து துயிலெழுப்ப வந்தபோதே சக்கரவர்த்தி திருநாட்டுக்கு எழுந்தருளியது தெரிந்தது. பிள்ளைகளில் ஒருவராவது வந்து சேரும்வரை திருமேனியைத் தைலத்தில் இட்டுக் காத்திருந்தார்கள்.

மூத்த பிள்ளையாகிய ஸ்ரீராமன், தந்தைக்குக் கொள்ளியிடவில்லை. பரதாழ்வான் செய்தான். சித்ரகூடத்தில் அச்செய்தியைக் கேட்டு மூர்ச்சித்து விழுந்து, பின் தெளிந்து, மந்தாகினியில் நீராடித் தர்ப்பணம் செய்து, காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் கலந்து தர்ப்பையின்மேல் பிண்டமிட்டான் பெருமாள். அரண்மனைச் சோறு இல்லை. வேதியர் கூட்டம் இல்லை. தான் உண்ணுவது எதுவோ அதையே தந்தைக்கு இட்டான். அது சேர்ந்ததா என்று எவரும் கேட்டதில்லை.

ஆகவே, தூரத்தில் இருந்த மகனே, நோயில் கிடந்த மகளே, உங்களுக்கு நேர்ந்தது பெருமாளுக்கும் நேர்ந்தது. இதனை எண்ணித் தேறுங்கள்.

பறவைக்குப் பிள்ளையான பெருமாள்

தந்தைக்குச் செய்யக் கிடைக்காததைப் பெருமாள் பின்பு எங்கே செய்தான்? ஜடாயு மஹாராஜருக்குச் செய்தான்.

ஜடாயு, சக்கரவர்த்தியின் தோழர். பிராட்டியின் ஓலத்தைக் கேட்டு, முதுமையையும் கருதாமல் இராவணனோடு பொருதார். தேரை முறித்தார். முடிவில் சிறகுகள் வெட்டுண்டு வீழ்ந்தார். பெருமாள் வந்து செய்தி கேட்கும்வரை உயிரைத் தாங்கி வைத்திருந்து, பாதி சொல்லிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். அப்போது பெருமாள், பிராட்டியைப் பிரிந்த துன்பத்தைக் காட்டிலும் எனக்காக இப்பறவை மாண்ட துன்பம் பெரிதாயிருக்கிறது என்று கதறினான். தசரதரைப் போலவே இவரும் எனக்குப் பூஜிக்கத் தக்கவர் என்றான். தம்பியை விறகு கொண்டுவரச் சொல்லித் தானே தீயைக் கடைந்து ஸம்ஸ்காரம் செய்தான். கோதாவரியில் இறங்கித் தர்ப்பணம் விட்டான். மேலான உலகத்திற்குச் செல்வாயாக என்று விடையும் கொடுத்தான்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? குலம் வேறு, பிறவி வேறு, மனிதனும் பறவையும் என்ற பேதம் வேறு. ஆயினும் செய்ந்நன்றி ஒன்றே அங்கே உறவை உண்டாக்கிற்று. பெற்ற கடன் பரதன் கையால் தீர்ந்தது. பெருமாள் கையால் தீர்ந்தது நன்றிக் கடன்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்திருக்கிறது திருப்புட்குழி என்னும் திவ்யதேசம். 'புள்' ஆகிய ஜடாயுவுக்குப் பெருமாள் ஈமக்கடன் செய்த இடம் என்பது அந்த ஸ்தலத்தின் ஐதிஹ்யம். விஜயராகவப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அங்கே திருக்குளத்திற்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். சோழ நாட்டில் திருப்புள்ளபூதங்குடியிலும் இவ்வரலாறே வழங்குகிறது.

திருப்புட்குழிக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அவ்வூர் மக்கள் கொடிய ஜ்வரத்தால் வாடியபோது, ஸ்வாமி வேதாந்த தேசிகன் ஸ்ரீஸுதர்சனாஷ்டகம் அருளிச்செய்து, அவர்கள் நோய் தீரத் திருவாழியாழ்வானைப் ப்ரார்த்தித்தார் என்று பெரியோர் சொல்லுவர். எட்டு ச்லோகங்கள் கொண்ட அந்த ஸ்தோத்ரத்தைக் கொள்ளைநோய்க் காலத்தில் இல்லந்தோறும் அனுஸந்தித்தோம். அதைச் சொல்லும்போது ஒன்றை மறத்தலாகாது. ஸ்வாமி அதைத் தமக்காக அருளிச்செய்யவில்லை. ஓர் ஊருக்காக அருளிச்செய்தார்.

மாறனேர் நம்பியும் பெரிய நம்பியும்

ஜடாயுவின் வரலாற்றை ஏட்டில் மட்டும் வைக்காமல் அனுஷ்டானத்தில் காட்டியவர், எம்பெருமானாரின் ஆசார்யராகிய பெரிய நம்பிகள். ஆளவந்தாரின் சிஷ்யர்களில் மாறனேர் நம்பி என்பவர், தாழ்ந்த குலம் என்று உலகோர் ஒதுக்கிய குலத்தில் அவதரித்தவர். ஆசார்யனுக்கு வந்த ராஜபிளவை நோயை ப்ரஸாதமாக வேண்டிப் பெற்றுத் தாம் அனுபவித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவர் பரமபதம் அடைந்தபோது, பெரிய நம்பிகள் ஒருவருக்கும் அஞ்சாமல் தம் திருக்கையாலேயே சரம கைங்கர்யத்தைச் செய்து முடித்தார்.

அக்ரஹாரத்தார் கொதித்தனர். எம்பெருமானார் விசாரித்தபோது நம்பிகள் அளித்த விடை, ஒரு பெரிய சாஸ்த்ரத்தையே அடக்கியது. நான் ஸ்ரீராமனைவிட மேம்பட்டவனா, இவர் ஜடாயுவைவிடத் தாழ்ந்தவரா? நான் தருமபுத்திரனைவிட மேம்பட்டவனா, இவர் விதுரரைவிடத் தாழ்ந்தவரா? இதுவே அவர் கேட்டதன் கருத்து. உறவினர் அவரை விலக்கி, திருமாளிகைக்கு முன் முள்வேலி இட்டனர் என்றும், உத்ஸவத்தில் பெருமாள் எழுந்தருளியபோது நம்பிகளின் திருமகளார் அத்துழாய் முறையிட, திருத்தேர் அவ்விடத்தை விட்டு நகரவில்லை என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருமாள் யார் பக்கம் நின்றான் என்பதைத் தேரே சொல்லிற்று.

அடியேன் கற்ற பாடம்

இவ்வரலாறுகளைப் பாடசாலையில் பன்னிரண்டு வயதில் கேட்டேன்; பலமுறை உபந்யாசத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் கற்றேனில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் கற்றேன். என் குற்றத்தைச் சொல்லுவதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

அம்மாதத்தில் அடியேனுக்கும் தாயாருக்கும் ஒரே வாரத்தில் ஜ்வரம் கண்டது. தாயாரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். அடியேன் வீட்டில் தனியறையில் கிடந்தேன். ஆறாம் நாள் விடியற்காலையில் தாயார் ஆசார்யன் திருவடி அடைந்தார் என்று செய்தி வந்தது. தலைமகனாகிய அடியேனுக்கு எழுந்து நிற்கவும் வலுவில்லை. தம்பி வெளிமாநிலத்தில், வர வழியில்லை. பகல் பதினோரு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. மின்மயானத்தில் பணிபுரியும் ஒருவர் பேசினார்.

'சாமி, அம்மா இங்க வந்துட்டாங்க. உங்க வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. போனைப் பக்கத்துல வைக்கிறேன். துளசி எடுத்தாந்திருக்கேன்' என்றார்.

இருமலுக்கு நடுவே, நினைவுக்கு வந்த மந்திரங்களையும் த்வயத்தையும் சொன்னேன். குரல் நின்றபோது, அவர் தாமாகவே 'கோவிந்தா, கோவிந்தா' என்று உரக்கச் சொல்லுவது கேட்டது. பிறகு கதவு மூடும் ஓசை. அவ்வளவுதான்.

தேறி எழுந்த பின், பெரியோர்களைக் கேட்டு எஞ்சிய கர்மாக்களைச் செய்தேன். ஒரு மாதம் கழித்து, வேஷ்டியும் தக்ஷிணையும் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிச் சென்றேன். ஐம்பது வயதிருக்கும். தக்ஷிணையை வாங்க மறுத்துவிட்டார். வேஷ்டியை மட்டும், 'பெருமாள் ப்ரஸாதம்னா குடுங்க' என்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பின்பு சிரித்துக்கொண்டே, 'என்னைத் தெரியலையா சாமி? முப்பது வருஷமா நம்ம தேர்ல வடம் பிடிக்கிறேனே' என்றார்.

அடியேனுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் தேரின்மேல் நின்று ஆரத்தி காட்டியவன் அடியேன். கீழே வடம் பிடித்தவர் அவர். அவர் என்னை அறிந்திருந்தார். நான் அவரை அறிந்ததில்லை. க்ருதஜ்ஞன் என்னும் திருநாமத்தை நாள்தோறும் அர்ச்சனையில் சொல்லும் நாவுக்கு, அவருடைய பெயர் தெரியவில்லை. அன்று அவரிடம் பெயரைக் கேட்டபோது, அடியேன் வெட்கியதுபோல் வாழ்நாளில் வெட்கியதில்லை.

என் தாயாருக்குக் கர்மா சேர்ந்ததா என்னும் ஐயம் அன்றே தீர்ந்தது. ஜடாயுவுக்குப் பெருமாள் பிள்ளையானான். என் தாயாருக்கு இவர் பிள்ளையானார்.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்நாடெங்கும் அந்நாளில் இப்படிப் பிள்ளையானவர்கள் பலர். மயானப் பணியாளர், செவிலியர், ஊர்தி ஓட்டியவர், குப்பை அள்ளியவர் என்று அவர்கள் பலதிறத்தார். பிற மதத்தைச் சேர்ந்த தொண்டர்களும் நம்மவர் திருமேனிகளைத் தோள் கொடுத்துச் சுமந்து, நம் வழக்கப்படியே தகனம் செய்து கொடுத்தார்கள். இச்செய்கைகளில் தொற்று நோய்க்கு இரையானவர்களும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மே மாதம் நோயின் அவசரநிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய்க்கான அவசரம் முடியலாம். நன்றிக் கடன் முடியவில்லை.

மற்றப் பாவங்களுக்கெல்லாம் ப்ராயச்சித்தம் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு இல்லை என்று கிஷ்கிந்தையில் ஸுக்ரீவனைக் குறித்து இளையபெருமாள் சீறியதை மறவாதிருப்போம். ஆகையால் மூன்று காரியங்களை அன்பர்களுக்கு விண்ணப்பிக்கிறேன்.

முதலாவது, உங்கள் இல்லத்தில் அக்காலத்தில் மாண்டவருக்கு இறுதிக் கடன் செய்து தந்தவர் யார் என்று இன்னும் அறியாதவர்கள், விசாரித்து அறியுங்கள். உயிரோடிருந்தால் சென்று பாருங்கள். ச்ராத்த நாளில் அவர் இல்லத்திற்கு அரிசியோ வஸ்த்ரமோ பழமோ அனுப்புங்கள்.

இரண்டாவது, அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தந்தையும் உற்றாரும் இல்லாதவர்களுக்கென்று ஒருமுறை நீர் விடுகிறோம் அல்லவா? அதை அவசரமாகக் கடக்காதீர்கள். கோருவாரின்றிக் கொள்ளைநோயில் போனவர்களை அப்போது நினையுங்கள். குடும்பம் என்பதன் எல்லை வீட்டு வாசலோடு முடிவதன்று என்று நம் முன்னோர் அந்த ஒரு கை நீரில் காட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இந்த உத்ஸவத்திலேயே செய்யத்தக்கது. திருத்தேர் நாளில் வடத்தைத் தொடும்போது, உமக்கு முன்னும் பின்னும் நிற்பவர் யார் என்று பாருங்கள். 'உம்முடைய பெயர் என்ன?' என்று கேளுங்கள். அடியேன் முப்பது ஆண்டுகள் கேளாமல் விட்டேன். இப்போது ஆண்டுதோறும் தேர் நிலைக்கு வந்தவுடன், முதல் தீர்த்தத்தையும் சடாரியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வடத்தின் அருகே செல்லுகிறேன். அங்கே ஒருவர் வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வியர்வையோடு தலை குனிகிறார். அவர் பெயர் அடியேனுக்குத் தெரியும்.

க்ருதஜ்ஞனாகிய எம்பெருமான், செய்ததை அறியும் நெஞ்சை நம் அனைவருக்கும் அருள வேண்டும்.

அடியேன் ராமாநுஜதாஸன்.